சிரித்த முகத்துக்கு மட்டும்

அத்தியாயம் 17

போன வாரம் அக்கா அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தது, லென்ஸ் கம்பெனி அனுப்பிய ஒரு கடிதத்தைத் தேடித்தான். கடிதம் அகப்படவில்லை. அகப்பட்டது, அப்பாவின் மெயில் பெட்டியில் யாரும் திறந்து பார்க்காத அறுபத்தோரு செய்திகள். "அது ஏதோ குப்பை, மூடு அக்கா" என்றான் தம்பி. அக்கா மூடிவிட்டாள்.

மூடினாளே தவிர மறக்கவில்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு இன்னமும் யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி நான்கு நாளாக அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, தம்பி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மாடியிலிருந்து இறங்கிவிட்டாள்.

மாடி என்றால் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி போட இடம் இருக்கிறது. உட்கார ஆள்தான் இல்லை. அவளுக்கு வயது நாற்பத்தாறு. படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வருஷங்கள் எப்படிப் போயின என்றே அவளுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் அதைத் தியாகம் என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கீழே கண்ணாடிக் கடை. முன்பக்கம் தம்பியும் அவன் மனைவியும். ஃப்ரேம் காட்டுவது, அளவெடுப்பது, சிரித்துப் பேசுவது எல்லாம் அவர்கள் பாடு. பின்னறையில் லென்ஸ் வெட்டும் மெஷினுக்கு முன்னால் அக்கா. பெயர் இல்லாத சீட்டில் எழுதியிருக்கிறபடி வெட்டி, ஃப்ரேமில் பொருத்தி, துடைத்துத் தட்டில் வைப்பாள். தட்டு முன்பக்கம் போகும். அவள் போகமாட்டாள். அந்தக் கண்ணாடியை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. ஆனால் போன வருஷம் வெட்டிய லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்த மாதம் என்றே சொல்லிவிடுவாள்.

முதல் செய்தியைத் திறந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்பு எதிர்வரிசையில் பெரிய கண்ணாடிக் கடை ஒன்று வந்தது. நாலு கடை அகலம், கண் கூசும் விளக்கு. தம்பிக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் தம்பி மனைவி ஒரு யோசனை சொன்னாள். கண்ணாடி வாங்கிப் போகிறவர்கள் போனுக்கெல்லாம் கடையிலிருந்து ஒரு செய்தி போகும். 'எங்கள் சேவை எப்படி?' அதற்குக் கீழே மூன்று முகங்கள்.

சிரித்த முகத்தை அழுத்தினால் நேராக ரிவ்யூ எழுதும் பக்கம் திறக்கும், ஊரே பார்க்கும். சோக முகத்தை அழுத்தினால் 'எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்' என்று தனியாக ஒரு பெட்டி திறக்கும். நடு முகத்தை அழுத்தினால் 'நன்றி' என்று மட்டும் வரும். அதற்கு வேறு என்ன செய்வது என்று தம்பி முடிவு செய்யவில்லை. நடு முகத்தை யாரும் அழுத்தவும் இல்லை.

சிரிப்பு ஊருக்கு, அழுகை நமக்கு. தம்பிக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. நட்சத்திரங்கள் மளமளவென்று ஏறி நான்கு புள்ளி ஒன்பதில் போய் நின்றன. 'ஐந்து நட்சத்திரம் போட்டால் கண்ணாடி துடைக்கும் துணி இலவசம்' என்று ஆள் உயரப் பலகை ஒன்றும் முன்கடையில் வந்து இடத்தை அடைத்துக்கொண்டது.

அழுகை எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்ற கேள்வி வந்தபோது தம்பி அப்பாவின் பழைய மெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறான். கடையில் இருக்கிற முகவரிகளில் அது ஒன்றுதான் யார் போனிலும் சத்தம் போடாது.

அக்கா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஃப்ரேம் காதைக் கடிக்கிறது. சொன்ன நாளுக்குக் கண்ணாடி வரவில்லை. இதெல்லாம் எந்தக் கடையிலும் உள்ளதுதான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. படி.

'படி இறங்கும்போது தரை மிதக்கிறது.' 'படிக்கட்டில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது.' 'பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.' எண்ணிப் பார்த்தாள். பதினொரு பேர். பதினொரு பேரும் கோடு தெரியாத இரட்டைக் கண்ணாடி வாங்கியவர்கள், அதாவது மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் பவர் வைத்தது.

அதில் ஒருவர் மூன்று முறை எழுதியிருந்தார். நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா. முதல் செய்தி நான்கு மாதத்துக்கு முந்தியது. மரியாதையாக, நீளமாக, என்ன தொந்தரவு என்று விளக்கியிருந்தார். இரண்டாவது இரண்டே வரி. மூன்றாவது இப்படி:

'பரவாயில்லை. பழைய கண்ணாடியையே போட்டுக்கொள்கிறேன். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்.'

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தப்பு நம்முடையது, மன்னிப்பு அவர்களுடையதா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். அந்த லென்ஸை வெட்டியது அவள் கை. சீட்டை எடுத்துச் சரிபார்த்தாள். அளவெடுக்கும்போது கருவிழிக்கு நேரே தம்பி புள்ளி வைத்த இடத்தில்தான் வெட்டியிருக்கிறாள், இம்மி பிசகவில்லை. அப்படியென்றால் தரை ஏன் மிதக்கிறது?

ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. தம்பி வந்துவிட்டான்.

"என்ன அக்கா, நல்லாத்தானே இருக்க?"

தினமும் காலையில் கேட்பான். பதிலையும் அவனே கேள்விக்குள் வைத்துத்தான் கேட்பான். அவள் தலையாட்டுவதற்குள் கல்லாப் பக்கம் போய்விடுவான். பாசம் இல்லாதவன் என்று சொல்லமுடியாது. 'இல்லை' என்று ஒரு பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவன்.

"ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரேன்டா" என்றாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அக்கா வெளியே போவது அவ்வளவு அபூர்வம். "எங்க? சரி, போயிட்டு சீக்கிரம் வந்துடு. நாலு மணிக்கு அந்தக் கம்பெனி அம்மா வராங்க. அவங்ககிட்ட வேலை செய்யற நானூறு பேருக்குக் கண்ணாடி. நம்ம ரிவ்யூவப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டாங்களாம். இது மட்டும் கெடச்சா எதிர்க்கடைக்காரன் விளக்கப் பாத்து நான் பயப்பட வேண்டாம்."

அவன் முகத்தில் எட்டு மாதத்துக்கப்புறம் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

*

நூலகம் இரண்டு மாடி. நடுவே அகலமான கல் படிக்கட்டு. மேல்படியில் நின்றிருந்த நூலக அம்மா, இடது கையில் நான்கு புத்தகங்களும் வலது கையில் கைப்பிடியுமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். மூக்கில், ஒரு பக்கக் கம்பி உடைந்து ஒட்டுப் போட்ட பழைய கண்ணாடி.

"கண்ணாடிக் கடையிலேர்ந்து வரேன்மா. பின்னாடி லென்ஸ் வெட்டறது நான்தான்."

நூலக அம்மா புத்தகங்களை மேசையில் வைத்தார். "நாலு மாசம் ஆச்சே."

"ஆமா. யாரும் படிக்கல. இன்னிக்குக் காலையிலதான் நான் பாத்தேன்."

"படிக்கவே இல்லையா?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒவ்வொரு தடவையும் எழுதிட்டு, கடுமையா இருக்கோன்னு ரெண்டு தடவ திருத்தினேன். அப்புறம் நாள் கணக்கா பதில் வருதான்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். வீட்ல நான் ஒருத்திதான். விழுந்தா தூக்கறதுக்கு ஆள் இல்ல. அதான் அவ்வளவு தூரம் எழுதினேன்."

'எனக்கும் அப்படித்தான்' என்று அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. பழக்கமில்லாத வார்த்தை, அங்கேயே நின்றுவிட்டது.

மேசை இழுப்பறையிலிருந்து புதுக் கண்ணாடி வந்தது. டப்பாவில் பத்திரமாக, துடைக்கும் துணியோடு. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, நூலக அம்மாவுக்கு நேர் எதிரே, கண்ணுக்குக் கண் சமமாக உட்கார்ந்தாள். "நேரா என்னையப் பாருங்க." பேனாவால் இரண்டு லென்ஸிலும் புள்ளி வைத்தாள். சீட்டில் இருந்த பழைய அளவுக்கும் இந்தப் புள்ளிக்கும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். பழையது மேலே.

"அளவெடுக்கறப்ப என் தம்பி எங்கம்மா உக்காந்திருந்தான்?"

"எங்க உக்காந்தாரு? நின்னுக்கிட்டே புள்ளி வச்சாரு. நான் அண்ணாந்து பாத்தேன். உக்காரணும்னாலும் அந்தப் பெரிய போர்டு நின்னுதே, ஸ்டூல் போட இடம் ஏது?"

அக்கா கண்ணாடியை டப்பாவில் வைத்து மூடினாள்.

அளவெடுக்கும் நாற்காலிக்கு எதிரே அந்தக் காலத்தில் ஒரு குட்டை ஸ்டூல் உண்டு. அப்பா அதில் உட்கார்ந்தால்தான் பேனாவைத் திறப்பார். நின்றுகொண்டு வைத்தால் எதிராளி அண்ணாந்து பார்ப்பார், கருவிழி மேலே ஏறும், புள்ளியும் மேலே ஏறிவிடும். படிப்பதற்கான பவர் எங்கே இருக்கக்கூடாதோ அங்கே வந்து நிற்கும். கீழே பார்த்தால் படி மிதக்காமல் என்ன செய்யும்? ஐந்து நட்சத்திரப் பலகைக்கு இடம் வேண்டும் என்று தம்பி அந்த ஸ்டூலைத் தூக்கிப் பின்னறையில் போட்டுவிட்டான். எட்டு மாதமாக அக்கா அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு பேர் எழுதிச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆள் எழுதியதைப் படித்திருந்தால் மீதிப் பத்துப் பேருக்கு இது நடந்தே இருக்காது.

"தப்பு எங்களோடதுதான்மா. புது லென்ஸ் வரவழைச்சு, ஒரு வாரத்துல நானே கொண்டு வரேன்."

"சரியாப் போச்சுன்னா அந்தச் சிரிச்ச முகத்த அழுத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிடறேன்" என்றார் நூலக அம்மா, பெரிய மனசோடு.

"அப்படி வேணாம்மா. நடந்தத நடந்தபடியே எழுதுங்க. எல்லாரும் பாக்கற எடத்துல எழுதுங்க. நாலு மாசம் பதில் இல்லன்னும் எழுதுங்க."

"உங்க கடைக்குத்தானே கெடுதல்?"

"கெடுதல்தான்" என்றாள் அக்கா.

கடைக்குத் திரும்பி நடந்தாள். சொல்வது சுலபம். கடையில் இருப்பது தம்பி.

அவளுக்கென்று இருப்பதும் அந்தத் தம்பி ஒருவன்தான். இன்னொருத்தி இருந்தாள், கடைக்குட்டி. அதனால் குட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று வந்து நின்றாள். அப்பா கத்தினார், வாசலைக் காட்டினார். குட்டி அப்பாவைப் பார்க்கவில்லை. சமையலறை நிலைப்படியில் நின்ற அக்காவைத்தான் பார்த்தாள். 'நீயாவது சொல்லேன்' என்று கேட்டது அந்தப் பார்வை. அக்கா வாயைத் திறக்கவில்லை. குட்டி பையைத் தூக்கிக்கொண்டு போனவள் போனவள்தான்.

பேசாமல் இருந்து ஒருத்தியை இழந்தாயிற்று. பேசினால் இருக்கிற ஒருவனும் போய்விடுவானோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது.

*

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள். தம்பி கை கழுவிவிட்டு வந்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் மனைவி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

முழுவதையும் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னான், "சரி. ஸ்டூல எடுத்துப் போட்டுடறேன். பதினொரு பேருக்கும் மாத்திக் குடுத்துடலாம். போதுமா?"

"அறுபத்தோரு செய்திக்கும் பதில் சொல்லணும். அப்புறம் அந்த மூணு முகம் வேணாம்டா. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேப்போம். நல்லது சொல்றவங்களும் கெட்டது சொல்றவங்களும் ஒரே எடத்துல எழுதட்டும். துணி குடுக்கறதையும் நிறுத்து."

"எல்லாக் கடையிலயும் இதத்தான் பண்றாங்க. நான் ஒருத்தன் ஒழுங்கா இருந்தா நாலு புள்ளி ஒம்போது நாலாயிடும். நானூறு பேரும் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க." அவன் குரல் உயர்ந்தது. "இதுல நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? நம்ம முதல் ரிவ்யூ யாரு எழுதினது? 'ஓய்வுபெற்ற ஆசிரியை, இந்தக் கடையில் வாங்கியபின் உலகமே தெளிவாகத் தெரிகிறது.' நீதானே?"

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுதியது அவள்தான். முதல் வாரம், காலியாக இருக்கிறதே என்று தம்பி கேட்டுக்கொண்டான். எழுதும்போது ரசித்து வேறு எழுதினாள்.

"அதையும் எடுத்துடறேன்."

"எடு, எல்லாத்தையும் எடு. நாளைக்கு எடு. இன்னிக்கு நாலு மணிக்கு மட்டும் தயவு பண்ணி வாயத் திறக்காத." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவன் சொன்னான், "அதுல நீ கெட்டிக்காரிதானே?"

தம்பி மனைவி திறந்த டப்பாவைத் திரும்ப மூடினாள். அவளுக்கு அந்தப் பழைய கதை பாதிதான் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வந்தது ஐந்து வருஷத்துக்கு முன்பு, குட்டியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எங்கேயோ பலமாக அடி விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அக்கா எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள். மெஷினைப் போட்டாள். அழுதால் சத்தம் கேட்காது.

*

கம்பெனி அம்மா சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர். சரியாக நாலு மணி. கையில் ஒரு கோப்பு. ஃப்ரேம்களைப் பார்த்தார், மெஷினை எட்டிப் பார்த்தார், அளவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தம்பி பலகைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"முந்நூறுக்கு மேல ரிவ்யூ இருக்கு. எல்லாத்தையும் படிச்சேன்" என்றார் கம்பெனி அம்மா. "ஒண்ணு கேக்கலாமா? இத்தன பேர்ல ஒருத்தருக்குக் கூடவா குறை இல்ல?"

தம்பி சிரித்தான். "குறை வச்சாத்தானேம்மா சொல்லுவாங்க."

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். மெஷின் நின்றிருந்தது. தம்பி அவளைப் பார்த்தான், ஒரே ஒரு கணம். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒன்பது வருஷத்துக்கு முன்பும் ஒரு பார்வை கெஞ்சியது, நிலைப்படியில் நின்ற இதே அக்காவிடம்.

அவள் நிலைப்படியைத் தாண்டி முன்கடைக்கு வந்தாள்.

"இருக்கும்மா. அறுபத்தோரு செய்தி வந்திருக்கு. எழுதினவங்கள ரிவ்யூ பக்கத்துக்கு நாங்க விடல. தனியா ஒரு பெட்டிக்கு அனுப்பிட்டோம். அதையும் எட்டு மாசமா யாரும் திறந்து பாக்கல."

கம்பெனி அம்மா பேனாவை மூடினார். "நீங்க யாரு?"

"இவனோட அக்கா."

"அந்தச் செய்தி எழுதினவங்களுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசப் போறேன். ஒருத்தரப் பாத்துட்டேன். பதினொரு பேருக்கு அளவே தப்பு, மாத்திக் குடுக்கணும். இனிமே கேக்கறப்ப எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேக்கணும்."

கம்பெனி அம்மா அவளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லி அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டார். அந்த 'சொல்லி அனுப்பறேன்' எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவைக் கடந்தவர் எதிர்க்கடைக்குள் நுழைந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

தம்பி திட்டியிருந்தால் தேவலை. சாவிக்கொத்திலிருந்து கடைச்சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சட்டைப் பையைத் தடவி போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

தம்பி மனைவி பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "அண்ணி, அந்த மூணு முகத்தையும் நான்தான் வரஞ்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும்மா."

"எப்படிக் கேக்கணும்னு எழுதி வைங்க. காலையில முதல் வேலையா மாத்திடறேன்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அவர் வந்துடுவாரு அண்ணி. நீங்க சாப்பிடாம இருக்காதீங்க."

அப்புறம் கடையில் அக்கா மட்டும்தான் இருந்தாள்.

*

வெளியே இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பலகையை அகற்றிப் பின்னறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அட்டைப்பெட்டிகளை இறக்கி, ஸ்டூலைத் துடைத்து, பழைய இடத்தில் போட்டாள். ஓய்வுபெற்ற ஆசிரியையின் ரிவ்யூவை எடுத்தாள். நட்சத்திரம் நான்கு புள்ளி ஒன்பதாகவே இருந்தது. அந்த அம்மையார் போனதில் யாருக்கும் நஷ்டம் இல்லை போலிருக்கிறது.

ஒரு தாளில் எழுதினாள். 'எங்கள் வேலை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நல்லதானாலும் குறையானாலும் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே எழுதுங்கள். எழுதுவதற்குப் பரிசு கிடையாது. படித்துப் பதில் சொல்வோம்.' இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, தம்பி மனைவியின் மேசையில் வைத்து, பறக்காமல் மேலே கனம் வைத்தாள்.

பிறகு அப்பாவின் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவருக்காகப் பதில் எழுத உட்கார்ந்தாள். காலையில் அவசரமாகப் படித்ததில் படி என்ற வார்த்தை வந்தவற்றைத்தான் ஊன்றிப் பார்த்திருந்தாள். இப்போது வரிசையாக வந்தாள். நாற்பத்து நாலாவது செய்தி, ஐந்து மாதத்துக்கு முந்தியது. பெயர் இல்லை, ஆர்டர் எண் மட்டும்.

'கண்ணாடி நன்றாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை. சோக முகத்தை அழுத்தினால்தான் கடைக்காரர்களிடம் மட்டும் பேச முடியும் என்பதால் அழுத்தினேன். முக்கால் மணி நேரம் முன்கடையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கே வேலை செய்கிறவர் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. கூப்பிடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் நன்றாக இருக்கிறாரா?'

அக்கா எழுந்து சீட்டுக் கட்டை எடுத்தாள். அந்த எண்ணுக்கு இரண்டு சீட்டுகள், தம்பி மனைவியின் கையெழுத்தில்; அன்று தம்பி கடையில் இல்லை போலிருக்கிறது. வலது கண் பவர் ஒன்றேகால். இடது கண் ஆறு.

அந்த இடது லென்ஸ் அவளுக்கு ஞாபகம் இருந்தது. வெட்டி முடித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள் அன்று. குட்டியோட கண்ணு மாதிரியே இருக்கே என்று நினைத்தாள். பள்ளிக்கூட நாளில் அந்தக் கனத்த இடது கண்ணாடி குட்டியின் மூக்கில் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும், அக்காதான் தள்ளிவிடுவாள். நினைத்துவிட்டு, துடைத்து, தட்டில் வைத்தாள். தட்டு முன்னே போயிற்று. எட்டே அடி தூரத்தில் குட்டி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது சீட்டைப் பார்த்தாள். சின்ன ஃப்ரேம். அதே போல இடது கண் மட்டும் கனம். வயது என்ற இடத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஏழு வருஷமாக ஒரு குழந்தை இந்த உலகத்தில் ஓடியாடிக்கொண்டிருக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குக் கண்ணாடி செய்து கொடுத்த கைக்கே தெரியாது.

உட்கார்ந்து பதில் எழுதினாள். 'நன்றாக இருக்கிறேன்.' பார்த்தாள், அழித்தாள். யாராவது இப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது? பதிலை உள்ளே வைக்காமல் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கும் பொய்யா?

பேசுவது போலவே எழுதினாள்.

'இல்ல குட்டி. நல்லா இல்ல. அன்னிக்கும் நான் வெளிய வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. என் தப்புதான். நீ எப்படி இருக்க? குழந்தை எப்படி இருக்கு?'

அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். கடையிலிருந்து போகும் எந்தச் செய்தியின் அடியிலும் தானாக ஒட்டிக்கொள்ளும் அந்த மூன்று முகங்கள் இதிலும் ஒட்டிக்கொண்டு போய்விட்டன. 'எங்கள் பதில் உங்களுக்குத் திருப்தியா?' அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். எதிர்க்கடையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஐந்து மாதத்துக்கு முந்திய செய்திக்குப் பதில் வரும் என்று யார் காத்துக்கொண்டு இருப்பார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது, திரையின் ஓரத்தில் குட்டியின் ஆர்டர் எண்ணோடு ஒரு சின்ன முகம் வந்து நின்றது.

சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நடு முகம்.

எழுத்து ஒன்றும் இல்லை. நடு முகத்தை அழுத்தினால் எழுத இடம் வராது, 'நன்றி' என்று மட்டும்தான் வரும். அதற்கு என்ன செய்வது என்று இந்தக் கடையில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

அக்கா எழுந்து போய்ப் பாதி இறக்கியிருந்த ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டாள். முன்கடை விளக்கைப் போட்டாள். அந்தக் குட்டை ஸ்டூலை இழுத்து, தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள்.